சேராத ரோடு

கோயம்புத்தூர்
19.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

செழியன் எழுதுகிறேன். பொங்கலுக்குப் பிறகு நாலு தடவை உங்களுக்குப் போன் போட்டேன். நாலு தடவையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வந்தது அதுவல்ல. வாயால் சொல்ல முடியாது என்று தெரிந்துபோனதால் எழுதுகிறேன்.

மதினி போய் மூன்று மாதம் ஆகிறது. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். முதலிலிருந்து எழுதினால்தான் என்னால் எழுத முடியும்.

போன மே மாதம் லீவில் மேலே வந்து, எஸ்டேட் லயத்து வீட்டில் உங்களோடு பத்து நாள் தங்கினேன். அப்போது அங்கிருந்த ஜீப்பு டிரைவர்கள் எல்லார் போனிலும் ஒரு மேப் ஏற்றிக் கொடுத்தேன். டவர் இல்லாவிட்டாலும் வழி காட்டும் என்று பெருமையாகச் சொன்னேன். அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமானதல்ல. என்னைப் போன்றவர்கள் சம்பளம் வாங்காமல் அவரவர் ஊரை வரைந்து சேர்ப்பது. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். இரண்டு வருடத்துக்கு முன் நான் முதலில் பார்த்தபோது போடிக்கு மேலே அதில் ஒன்றும் இல்லை. போடிமெட்டுக்கு ஏறும் மெயின் ரோடு ஒரு கோடு, மற்றதெல்லாம் வெறும் பச்சை. மதினியும் நீங்களும் இருபது வருடமாகப் பாடுபடுகிற இடம் வெறும் பச்சையாகக் கிடந்தது எனக்கு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ரூமில் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து லயங்கள், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்கள், ஜீப்பு ரோடுகள் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். மதினி என் லேப்டாப்பில் உங்கள் லயத்தின் தகரக் கூரையில் விரலை வைத்து, "இதுல மூணாவது கதவு நம்மளது, அதையும் போடுங்க தம்பி" என்று சிரித்தது நினைவிருக்கிறதா?

ஏலக்காட்டில் நிழல் மரங்கள் மூடியிருப்பதால் மேலிருந்து பார்த்தால் பாதி ரோடு தெரியாது. எஸ்டேட்டின் பின்பக்கம் ஒரு ரோடு மரங்களுக்குள் நுழைந்து காணாமல் போகிறது. அரை கிலோமீட்டர் தள்ளி, அடுத்த எஸ்டேட்டில் ஒரு ரோடு மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்து மெயின் ரோட்டில் சேர்கிறது. இரண்டும் ஒரே ரோடு என்று வைத்துக்கொண்டு நடுவில் கோடு போட்டுச் சேர்த்தது நான்தான். அங்கே நான் நடந்து பார்த்ததில்லை.

மதினியை ஏலச்செடித் தூருக்குள் விரியன் கடித்த அன்று நீங்கள் காய் லோடோடு போடியில் இருந்தீர்கள். முன்ரோட்டில் மரம் சாய்ந்து கிடந்தது. மதினியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன டிரைவர் திருப்பதி வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மற்ற டிரைவர்கள் அவன் போனிலும் ஏற்றிக் கொடுத்திருந்த மேப்பைப் பார்த்துப் பின்ரோட்டில் போனான். போய் நின்றது ஓடைப் பள்ளத்தில். ஜீப்பைத் திருப்ப இடமில்லாமல் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து, மறுபடி முன்ரோட்டைப் பிடிப்பதற்குள் ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதை நானும் உங்கள் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஊரில், சிலமலையில், சாவுப் பந்தலுக்குக் கீழே திருப்பதி வந்து, "மேப்புல ரோடு இருந்துச்சுண்ணே" என்று சொன்னபோது நீங்கள் அவனை அறைந்தீர்கள். மறுபடியும் அறைந்தீர்கள். நான் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சுசித்ரா என் தோளில் சாய்ந்து, "சித்தப்பா, அம்மா எங்க சித்தப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் காலை போடி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, அந்த அரை கிலோமீட்டர் கோட்டை அழித்தேன். யாரும் பார்க்குமுன் அழித்துவிட வேண்டும் என்றுதான் அழித்தேன்.

வேறென்ன எழுத என்று தெரியவில்லை.

செழியன்

---

எஸ்டேட் லயம்
2.2.2025

செழியனுக்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன்.

எல்லார் முன்னாலும் நான் ஒருத்தனை அடித்தேன். அவன் அப்பா என் காலில் விழ வந்தார். எஸ்டேட்டில் அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள், அதுவும் நான் சொல்லித்தான். நீ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டிருக்கிறாய்.

இங்கே வராதே. போனும் போடாதே. உன் குரலைக் கேட்டால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

சுசித்ராவிடம் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும். அதற்குப் பிறகு சொல்வேன். மறைக்க மாட்டேன்.

பாண்டித்துரை

---

கோயம்புத்தூர்
16.2.2025

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. வராதே, போன் போடாதே என்றுதான் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரம் போய்த் திருப்பதியைப் பார்த்தேன். இப்போது ஜீப்பு ஓட்டுவதில்லை. ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறான். என்னைப் பார்த்ததும் வாய்க்காலில் இருந்து ஏறி வந்து, "வாங்கண்ணே" என்றான். அந்த ரோட்டைப் போட்டது நான்தான் என்று சொன்னேன். "தெரியும்ணே" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினான். மண்வெட்டியைக் கழுவினான், கயிற்றைச் சுருட்டினான். பிறகு சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதை உங்களுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

"மரம் கெடந்த எடத்துல நான் யோசிச்சுக்கிட்டு நின்னேண்ணே. ஆளுக அறுத்துக்கிட்டு இருந்தாக. அரை மணி நேரத்துல ஒதுக்கிருவோம்னாக. போனைப் பாத்தா பின்னால ஒரு ரோடு காட்டுச்சு. போகுமா போகாதான்னு எனக்குத் தெரியல. அந்த அக்காதான் சொன்னாக, 'எங்க கொழுந்தன் போட்டதுப்பா, தைரியமாப் போ'ன்னு. கால் வீங்கி வலியில கெடந்தாக. அப்பயும் அதைச் சொல்றப்ப அவுக மொகத்துல ஒரு பெருமை இருந்துச்சுண்ணே."

பள்ளத்திலிருந்து ஜீப்பு பின்னால் வரும்போது மதினி, "தம்பிகிட்ட இதைச் சொல்லாதப்பா, வெசனப்படுவாரு" என்று சொன்னார்களாம்.

அதனால்தான் அவன் பந்தலில் என் பெயரைச் சொல்லவில்லை. "சாவு வீட்டுல அண்ணனையும் தம்பியையும் பிரிச்சுவிடவா? ரெண்டு அடிதான, வாங்கிக்கிட்டேன்" என்றான். கன்னத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னான். நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இளநீர் வெட்டிக் கொடுத்தான். என்னால் குடிக்க முடியவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணே, அவனை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு வேறு எதுவும் கேட்க வாயில்லை.

செழியன்

---

எஸ்டேட் லயம்
20.3.2025

தம்பி செழியனுக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். எனக்கு எழுத்துச் சோலி பழக்கமில்லை. அதுமட்டும் காரணமில்லை.

நீ முதல் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். மறந்து விட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா தெரியவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருப்பாய்.

போன வருஷம் சித்திரையில் நீ எனக்குப் போன் போட்டாய். நான் போடிமெட்டில் லோடை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூட நாலு டிரைவர்கள் இருந்தார்கள். "அண்ணே, எஸ்டேட்டுக்குப் பின்னால போற ரோடு அந்தப் பக்கம் போய்ச் சேருதா"ன்னு கேட்டாய். நான், "சேரும் சேரும், ஜீப்பு போகும்"னு சொன்னேன்.

எனக்குத் தெரியாது செழியா. அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. நம்ம சோலி முன்ரோட்டில் மெட்டுக்குப் போவதும் வருவதும்தான். முன்னொரு காலத்தில் ஓடைமேல் மரப்பாலம் போட்டு அந்த வழியாக ஜீப்பு போனதாக யாரோ சொல்லக் கேட்டதுண்டு. அந்தப் பாலம் வெள்ளத்தில் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது என்று அவள் செத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இருபது வருஷமாக மலையில் ஜீப்பு ஓட்டுகிறவனுக்கு ஒரு ரோடு தெரியாது என்று, நாலு பேர் முன்னால், படித்த தம்பியிடம் சொல்ல நாக்கு வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டேன்.

அந்தப் பையன் பந்தலில் மேப்பு என்று சொன்ன அந்த நிமிஷமே எனக்கு இது நெஞ்சில் குத்தியது. அதனால்தான் ரெண்டாவது அடி விழுந்தது. முதல் அடி அவனுக்கு. ரெண்டாவது எதுக்கு என்று எனக்குத்தான் தெரியும்.

ராசிங்காபுரம் போனேன். அவன் அப்பா சுருளிவேலுவும் இருந்தார். ரெண்டு பேர் காலிலும் விழப்போனேன், விடவில்லை. எஸ்டேட்டில் பேசிவிட்டேன், எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவன் வர மாட்டேன் என்றான். "ஸ்டியரிங்கப் புடிச்சா கை நடுங்குதுண்ணே" என்கிறான்.

வேலுத்தாயி கடைசியாகச் சொன்னதை நீ எழுதியிருக்க வேண்டாம் என்று முதலில் கோபம் வந்தது. இப்போது இல்லை. வேறு யாரும் எனக்கு அதைக் கொண்டுவந்து தந்திருக்க மாட்டார்கள்.

பாண்டித்துரை

---

கோயம்புத்தூர்
6.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போனில் சொன்னது எனக்கு நினைவிருந்தது. எழுதினால் உங்கள் மேல் போடுவதுபோல் ஆகும் என்று விட்டேன். அதோடு, அது ஒரு காரணமும் ஆகாது. ஒரு ரோட்டைச் சேர்க்குமுன் நடந்து பார்க்க வேண்டும், முடியாவிட்டால் நடுவில் இடைவெளி விட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த விதி. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் கோடு பாதியில் நின்றால் படம் பார்க்க நன்றாக இல்லை. நம் மலை முழுசாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இனி இந்தச் சோலியே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு வருடத்தில் நான் நம் பக்கம் போட்டது ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எது நடந்து பார்த்தது, எது மேலிருந்து பார்த்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடப் போகிறேன். பழையபடி பச்சையாகவே கிடக்கட்டும். ஒன்றும் இல்லாவிட்டால் யாரும் நம்பிப் போக மாட்டார்கள்.

இங்கே கம்பெனியில் பம்பு உதிரி பாகங்களுக்குப் படம் போடுகிறேன். ஒரு கோடு தப்பினால் பம்பு ஓடாது, அவ்வளவுதான். இருந்தும் நாள் முழுக்க ஒவ்வொரு கோட்டையும் நாலு தடவை அளக்கிறேன். மேனேஜர், என்னப்பா இவ்வளவு மெதுவாகப் போடுகிறாய் என்று கேட்கிறார்.

சுசித்ராவிடம் சொல்லிவிட்டீர்களா?

செழியன்

---

எஸ்டேட் லயம்
27.4.2025

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். பரீட்சை முடிந்து ஹாஸ்டலிலிருந்து வந்த மறுநாள். உன் பங்கையும் சொன்னேன், என் பங்கையும் சொன்னேன். முதலில் என் பங்கைத்தான் சொன்னேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். ஏற்கனவே கழுவி வைத்ததையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். என்னோடு பேசுகிறாள், சோறு போடுகிறாள். உன்னைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். நான் வற்புறுத்தவில்லை.

நீ எல்லாவற்றையும் அழிப்பதாக எழுதியிருந்தாயே, அதைச் செய்யாதே. போன வாரம் சின்னமுத்து டிரைவர், கேரளாப் பக்கத்துப் பையன் ஒருத்தன் போனில் வைத்திருந்ததை என்னிடம் காட்டினான். நீ அழித்த இடத்தில் யாரோ மறுபடி கோடு போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். உன்னைப் போலவே எங்கேயோ உட்கார்ந்து மேலிருந்து பார்த்திருப்பான். ரெண்டு பக்கமும் ரோடு தெரியும், நடுவில் மரம். யாராக இருந்தாலும் சேர்க்கத்தான் செய்வான். நீ பச்சையாக விட்டால் இன்னொருத்தன் வந்து தப்பாக நிரப்புவான். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

மழை பிடிக்குமுன் வா. மே பத்துக்கு மேல் சுசித்ரா ரெண்டு வாரம் அவள் மாமா வீட்டுக்குப் போகிறாள். அப்போது வா. அந்த ரோட்டில் கடைசிவரைக்கும் நடப்போம். நான் இன்னும் அங்கே போகவில்லை. தனியாகப் போக முடியவில்லை.

பாண்டித்துரை

---

கோயம்புத்தூர்
25.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்சில் ஏறும்போது நீங்கள் ஏதோ சொல்ல வந்து, பை கிழிந்திருப்பதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மூன்று நாளும் நாம் பேசியதெல்லாம் அளவுதான். "இங்க வரைக்கும் ஜீப்பு வரும், எழுதிக்க", "இதுதான் திருப்ப கடைசி எடம்", "இதுக்கு மேல நடந்துதான் போகணும்." உங்கள் குரல் ஓடைச் சத்தத்தில் இன்னும் கேட்கிறது.

பள்ளம் இவ்வளவு ஆழம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு ஆள் உயரம். அக்கரையில் பழைய பாலத்தின் கல்கட்டு மட்டும் பாசி பிடித்து நின்றது. நீங்கள் இறங்கிப் போய் முகம் கழுவினீர்கள். வெகுநேரம் கழுவினீர்கள். நான் மேலேயே நின்றேன். அன்று மதினி வந்த ஜீப்பு நின்ற இடத்தில்தான் நிற்கிறேன் என்று தெரிந்தது.

நேற்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். இந்தப் பக்கத்து ரோடு பள்ளத்துக்கு இருநூறு மீட்டர் முன்னாலேயே முடிகிறது. அங்கே ஜீப்பு திருப்ப இடம் என்று குறித்திருக்கிறேன். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. பள்ளத்தில் பாலம் இடிந்தது என்று இருக்கிறது. நடந்து பார்த்துப் போட்டது, சேர்க்க வேண்டாம் என்று குறிப்பும் எழுதினேன். மறுபடி சேர்த்த ஆளுக்கும் தனியாக எழுதினேன். கொச்சியில் படிக்கிற ஒரு பெண். தெரியாமல் செய்தேன் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாள். ஏன் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. முன்ரோட்டில் மரம் விழக்கூடிய நாலு இடத்தையும் நீங்கள் காட்டியபடி குறித்தேன். மற்ற ரோடுகளையும் இனி லீவுக்கு லீவு வந்து நடந்து பார்த்துத்தான் வைத்துக்கொள்வேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஓடைக்குப் பெயர் இல்லை. லயத்தில் வயசானவர்களிடமும் கேட்டோம், சும்மா ஓடை என்றுதான் சொன்னார்கள். மேப்பில் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. மதினியின் பெயரை வைக்கலாமா? வேலுத்தாயி ஓடை என்று. உங்களைக் கேட்காமல் எதுவும் எழுத மாட்டேன்.

செழியன்

---

எஸ்டேட் லயம்
8.6.2025

தம்பி செழியனுக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரமாக விடாமல் பெய்கிறது. நீ குறித்த நாலு இடத்தில் ரெண்டாவதாக இருந்த மரம் போன திங்கட்கிழமை சாய்ந்தது. யாருக்கும் அவசரம் இல்லாத நேரம். அறுத்து ஒதுக்கிவிட்டோம். பின்ரோட்டின் வாசலில் எஸ்டேட்டில் சொல்லி ஒரு தகரம் அடிக்க வைத்தேன். ஜீப்பு போகாது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறது. எழுத்து கோணல், ஆனால் தெரிகிறது.

நீ பெயர் கேட்டு எழுதியிருந்தாய். ரெண்டு நாள் யோசித்தேன். முதலில் வைக்கலாம் என்றுதான் தோன்றியது. பிறகு ஸ்டோர் வாசலில் டிரைவர்கள் பேசுவதை நினைத்துப் பார்த்தேன். வேலுத்தாயியத் தாண்டாத, வேலுத்தாயிகிட்ட மண்ணு சரிஞ்சு கெடக்கு என்று பேசுவார்கள். ஒவ்வொரு மழைக்கும் பேசுவார்கள். அவளை அப்படிக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அவளுக்கு அந்த ஓடையோடு என்ன உறவு? நீ சொன்னாய் என்று நம்பிப் போனாள், வழி இல்லை என்று திரும்பினாள். அவ்வளவுதான். அவள் இருந்த இடம் மூணாவது கதவு. போன இடம் அவள் இடமில்லை.

சுசித்ரா வந்துவிட்டாள். காலேஜில் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறது. உன் கடிதத்தை நான் அலமாரியில் வைத்திருந்தேன். எடுத்துப் படித்திருக்கிறாள். நான் லோடு இறக்கிவிட்டு வந்தபோது மேசைமேல் மடித்து வைத்திருந்தது. கையெழுத்து அவளுக்குத் தெரியும், சின்ன வயதில் நீதானே அவளுக்கு எழுதப் பழக்கினாய்.

சாப்பிடும்போது, "ஓடைக்கு அம்மா பேரு வேண்டாம்னு அவங்களுக்கு எழுதுங்கப்பா" என்றாள். சித்தப்பாவுக்கு என்று சொல்லவில்லை. அவங்களுக்கு என்றாள். பிறகு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

அதனால் எழுதுகிறேன்.

பாண்டித்துரை